பென்சில் படாத தட்டு

"அந்த வரியை எழுதினவன் எவனோ, அவன் கையில சூட்டுக்கோல் வைக்கணும்ங்க."

படியேறி வந்த சென்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூங்கோதை தலை நிமிரவில்லை. "எந்த வரி?"

"திருப்புற வரி."

"செருப்பு."

வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார். கோபம் மட்டும் கூடவே வந்தது.

"பதினோராயிரம் முட்டைங்க அம்மணி. ஒரு மெஷின் முழுக்க. இருபத்தோரு நாள் கழிச்சுக் கதவைத் திறக்கறேன், ஒரு சத்தமில்லை. குஞ்சு பொரிக்கிற மெஷினைத் திறந்தா எப்படி இருக்கணும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"சந்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கணும். இது லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருந்துச்சு."

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. படிப்பு எட்டாவதோடு சரி. சைக்கிளில் முட்டை கட்டிக்கொண்டு போய் விற்றவர். பேசிப் பேசியே ஒரு பொரிப்பகம் வரைக்கும் வந்து சேர்ந்தவர். பல்லடம் வட்டாரத்தில் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு நின்றால், நடுவில் உட்கார்ந்து பேச்சை முடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பூங்கோதைக்கு முப்பத்திரண்டு. தராசு ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. மெஷின்களுக்கு எழுதும் மொழிகளில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுதிக் கொடுப்பது தொழில்.

ஆறு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் சென்னியப்பன் இங்கே பாடத்துக்கு வருகிறார். தன் மெஷினுக்குப் போகும் ஃபைலைத் தானே எழுத வேண்டும் என்று பிடிவாதம். அடுத்தவன் எழுதியதில் கையெழுத்துப் போட்டு அடிபட்டது போதும் என்றார்.

முதல் நாள் அவர் எழுதியது இது: "சூட்டை ஏத்து. முப்பத்தேழரை வந்ததும் நிறுத்து."

பூங்கோதை அதை அடித்தார். சூடு என்று ஒரு பெயரை, அடைப்புக்குறி போல, திறக்கச் சொன்னார். உள்ளே முப்பத்தேழரை என்று வைக்கச் சொன்னார். அதே பெயரால் மூடச் சொன்னார்.

"அவ்வளவுதானா? யாரு ஏத்துவா?"

"அது மெஷின் பாடு. என்ன இருக்கணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க. எப்படிச் செய்யணும்னு சொல்லாதீங்க."

"ஆளை வேலை வாங்கத் தெரியாதவன் கண்டுபிடிச்ச மொழியாட்ட இருக்குது" என்றார் அன்றைக்கு. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தார்.

அந்தப் பெயர்களுக்கு ஓர் அகராதி உண்டு. மெஷின் செய்கிற இரண்டு கம்பெனிக்காரர்களும் பொரிப்பகக்காரர்களும் சேர்ந்து போட்டது. சூடு என்றால் எது, ஈரம் என்றால் எது, திருப்புதல் என்றால் எது. ஃபைலைப் படிக்க இரண்டு கம்பெனியும் தங்கள் மெஷினுக்குச் சொல்லித் தருவது அதை வைத்துத்தான்.

அதில் ஒரு பக்கத்தைச் சென்னியப்பன் இப்போது மேசையில் வைத்தார். வைத்தார் என்பதைவிட அறைந்தார். அதில் இருந்தது இது:

"திருப்புதல்: முட்டைத் தட்டைச் சாய்த்துப் பக்கம் மாற்றுதல். தேவையெனில் குறிப்பிடுக."

"நான் குறிப்பிடலை. எங்க பழைய ஃபைல்லயே அப்படியொரு பேரு இல்லை, அதைப் பாத்துத்தான நானும் எழுதினேன். பழைய மெஷின் மணிக்கொருக்கா தானாத் திருப்பிக்கிட்டு இருந்துச்சு. இப்ப வேற கம்பெனி மெஷின் ரெண்டு வாங்கினேன். அதே ஃபைலைக் குடுத்தேன். மூணு வாரமும் முதல் மெஷின் முட்டையைத் தொடவே இல்லை. அத்தனை கருவும் ஓட்டோட ஒட்டிப்போச்சு."

"ரெண்டு கம்பெனியையும் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? பழையவன் சொல்றான், சொல்லாம விட்டா திருப்பணும்னு அர்த்தமாம். திருப்பாம எந்த முட்டை பொரியும்ங்கறான். புதியவன் சொல்றான், சொல்லாம விட்டா திருப்பக் கூடாதுன்னு அர்த்தமாம். கடைசி மூணு நாள் திருப்பினா குஞ்சு வெளிய வரத் தெரியாம உள்ளயே செத்துப்போகும், சொல்லாத வேலையை மெஷின் ஏன் செய்யணும்ங்கறான்."

"யாரு சொல்றது சரி?"

"ரெண்டு பேரு சொல்றதும் சரிங்க. அதானுங்க வயித்தெரிச்சல்."

பூங்கோதை பேனாவை மூடி வைத்தார்.

"போன முட்டை போச்சு. இப்ப எதுக்கு வந்தீங்க?"

சென்னியப்பன் உட்கார்ந்தார். முதல் தடவையாகக் குரல் இறங்கியது.

"ரெண்டாவது மெஷின்ல இன்னொரு ஈடு ஓடுதுங்க. முதல் ஈடு வீணாப்போனது தெரியறதுக்கு முந்தி வெச்சது. ஒன்பதாயிரம். இன்னைக்கு நாலாம் நாள். கருவுக்கு ரத்தம் ஓட ஆரம்பிச்சாச்சு."

"ஃபைலை மாத்திக் குடுக்கறது?"

"நடுவுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அது பூட்டிக்குது. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து எட்டுப் பொம்பளையாளுங்க கதவைத் திறந்து கையால திருப்பிக்கிட்டு இருக்காங்க. திறக்கத் திறக்கச் சூடு போகுது. இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல இந்த ஒன்பதாயிரமும் போச்சு."

"கம்பெனிக்காரங்க?"

"அகராதியில வரியை மாத்துங்க, ஒரு மணி நேரத்துல எல்லா மெஷினையும் அதுபடி மாத்திடறோம், ஓடற மெஷினையும் சேர்த்துங்கறாங்க. ரெண்டு பேரும் சொல்றாங்க. அஞ்சு மணிக்குப் போன் வரும். நான் வரியைச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? அதுக்கு முந்தி அவன் பேரைச் சொல்லுங்க. அகராதி வேலையெல்லாம் உங்க வழியாத்தான போச்சு? 'தேவையெனில் குறிப்பிடுக'ன்னு எழுதின மகராசன் யாரு?"

பூங்கோதை எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பக்கம் புரட்டினார்.

"மூணு வருசத்துக்கு முந்தி. திருப்பூர்ல ஓட்டல் மாடி. நான் ஓரத்துல உக்காந்து நோட்டு எழுதினேன். சூடு அரை மணி நேரத்துல முடிஞ்சுது. ஈரம் அரை மணி நேரம். திருப்புதல் காலையில பதினொரு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணி வரைக்கும் முடியலை. ரெண்டு கம்பெனிக்காரங்களும் பையைத் தூக்கிட்டாங்க."

சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப ஒருத்தர் எந்திரிச்சு ரெண்டு பேரையும் தோளைப் புடிச்சு உக்கார வெச்சார். 'உங்குளுதும் வேண்டாம், அவருதும் வேண்டாம், ரெண்டு பேரும் வாயைத் திறக்க முடியாத மாதிரி ஒரு வார்த்தை போட்டுக்கலாம்'னார். கால் மணி நேரம். முடிச்சுட்டார். ரெண்டு பேரும் கை குலுக்கினாங்க. அவருக்குச் சால்வை போத்தினாங்க."

கீழே தராசுக் கடையில் யாரோ எடைக்கல்லை எடைக்கல்லின் மேல் வைத்தார்கள்.

"சால்வை வீட்டுலதான் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

பூங்கோதை நோட்டை மூடினார்.

"ஆனா நான் எழுதலைங்க அம்மணி. சத்தியமா. 'தேவையெனில்'ங்கறது பழையவன் வாயில வந்துச்சு. 'குறிப்பிடுக' புதியவன் சொன்னது. நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், அவ்வளவுதான்."

"அப்ப எழுதினது யாரு?"

யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"யாருமில்லைங்க."

"சூட்டுக்கோலை எங்க வைக்கறது?"



பேச்சு நின்றுபோனால் சென்னியப்பனுக்குத் தாங்காது.  நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேரம் பேசும்போது அப்படித்தான் இழுப்பார்.

"சரி, நடந்தது நடந்துச்சு. இன்னைக்குப் புதுசா ஒண்ணு முடிப்போம். பழையவன் மணிக்கொருக்காங்கறான். புதியவன் வேண்டவே வேண்டாங்கறான். சொல்லாம விட்டா நாலு மணிக்கொருக்கா திருப்புன்னு போட்டுடலாம். ரெண்டு பேரும் முனகுவாங்க. நான் ஒத்துக்க வெச்சுடுவேன்."

"முட்டையை?"

"என்னங்க?"

"முட்டையை ஒத்துக்க வெச்சுடுவீங்களா?"

நாற்காலி பின்னால் போனது.

"அப்படின்னா நீங்களே சொல்லுங்க! ஆறு மாசமா சம்பளம் குடுக்கறனில்ல? நீங்கதான டீச்சரு? சொல்லாம விட்டதுக்கு என்ன அர்த்தம்? ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா நான் போயிடறேன்."

பூங்கோதை பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"செருப்பைப் போடுங்க."

"எங்கீங்க?"

"உங்க பொரிப்பகத்துக்கு."

"அங்க வந்து என்ன சொல்லித் தரப் போறீங்க?"

"தெரியாது. நான் இதுவரைக்கும் ஒரு முட்டையையும் திருப்பினதில்லை."

வண்டியில் போகப் போகச் சென்னியப்பன் வரிவரியாகச் சொல்லிப் பார்த்தார்.

"'வழக்கப்படி திருப்புக.' இது எப்படிங்க?"

"யாரு வழக்கம்?"

"'இயன்றவரை திருப்புக.'"

"மெஷினுக்கு எது இயலாது?"

"'பொதுவாகத் திருப்புக.'"

பூங்கோதை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்படி வார்த்தைக்கு வார்த்தை மடக்கினா எவனுங்க கையெழுத்துப் போடுவான்?"

"போடாம இருந்திருந்தா?"

சென்னியப்பன் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தார். லாரிமேல் ஒரு தப்பும் இல்லை.

பொரிப்பகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. நீள ஷெட். மேலே காற்றாடிகளின் இரைச்சல். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கதவைச் சாத்துங்க! சூடு போகுது, யாரா இருந்தாலும்."

"நான்தான் சரசு."

"நீங்கன்னா போகாதுங்களா?"

சாத்தினார்.

சரசுதான் அந்த எட்டுப் பேருக்கும் மேஸ்திரி. நாற்பது வயதிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். காதில் பென்சில் செருகியிருந்தது. மெஷின் கதவை ஒருக்களித்து ஒரு தட்டை உருவி மேசையில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் முட்டைகள்மேல் வைத்து உருட்டினாள். வரிசை வரிசையாக எண்பத்தெட்டும் புரண்டன. தட்டு உள்ளே போனது. கதவு மூடியது. எல்லாம் ஒரு மூச்சு நேரம்.

"காதுல எதுக்குங்க பென்சில்?" என்றார் பூங்கோதை.

"யாருங்க இவிய?" சரசு முதலாளியைப் பார்த்தாள்.

"எனக்குப் பாடம் சொல்லித் தர்றவங்க."

"உங்குளுக்கா?" சரசு பூங்கோதையை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். இரக்கம்போல இருந்தது. "பென்சில் இதுக்குத்தானுங்க."

ஒரு முட்டையை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் பெருக்கல் குறி. மறுபக்கம் வட்டம்.

"இன்னைக்குக் கையால திருப்ப ஆரம்பிச்சதும், தட்டை மறுபடி உள்ள வைக்கறவ, வைக்கும்போதே எல்லா முட்டைக்கும் பென்சில் போட்டுடுவா. மேல பெருக்கல், அடியில வட்டம். இந்தச் சுத்துக்கு வட்டம் மேல வரணும். பெருக்கல் மேல இருந்தா இன்னும் திருப்பலை. வட்டம் இருந்தா யாரோ திருப்பியாச்சு, தொட வேண்டாம். அடுத்த சுத்துக்கு மாறும்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? எட்டுப் பேரு கை வைக்கற எடம். இவ திருப்பினது அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"முட்டைமேல 'திருப்பு'ன்னு எழுதி வெச்சிருக்கலாமே?"

சரசு சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள்.

"ஏனுங்க, திருப்பி முடிச்ச பொறவும் அது 'திருப்பு'ன்னே சொல்லிக்கிட்டு இருக்குமே? வர்றவ போறவ எல்லாம் திருப்பிக்கிட்டே இருக்கறதா? எது மேல இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். என்ன செய்யறதுன்னு எங்குளுக்குத் தெரியும்."

சென்னியப்பன் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை அவரைப் பார்க்கவில்லை. அந்த முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தட்டு வந்தது. அதற்கடுத்தது. பெருக்கல், உருட்டல், வட்டம். வட்டம் இருந்த தட்டுகள் அப்படியே திரும்பிப் போயின. சரசு எதற்கும் நின்று யோசிக்கவில்லை.

மூன்றாவது அடுக்கில் ஒரு தட்டை உருவினாள். கை நின்றது.

எண்பத்தெட்டு முட்டை. ஒன்றிலும் பென்சில் இல்லை. ஒன்றை எடுத்து அடியில் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"என்ன?" என்றார் சென்னியப்பன்.

"பென்சில் போடலை."

"அதுக்கென்ன, திருப்பிட்டு உள்ள வை. சூடு போகுதுன்னு நீதான சொன்னே?"

"ஏற்கெனவே யாராவது திருப்பியிருந்தா?"

"இருந்தா என்ன?"

"நான் திருப்பறப்ப பழைய பக்கத்துக்கே போயிடும். அடுத்த சுத்து வரைக்கும் ஒரே பக்கமாக் கெடக்கும். ஒட்டிக்கும்."

"அப்பத் திருப்பாத. அப்படியே வை."

"யாரும் திருப்பாம இருந்திருந்தா?"



"பாதியைத் திருப்பு" என்றார் சென்னியப்பன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

சொன்னவர் முதலாளி. ஆனாலும் சரசு தட்டைத் தொடவில்லை. ஒரு கனத்த துணியை எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.

"வெளிய வெச்சா ஆறிப்போகாதுங்களா?" என்றார் பூங்கோதை.

"அடைக்கோழியே கால் மணி நேரம் எறங்கி மேயப் போகுதுங்க. அதுவரைக்கும் தாங்கும். நானா ஒண்ணை நெனச்சுக்கிட்டு உள்ள வெச்சாத்தான் தாங்காது." ஷெட்டின் அந்தக் கடைசிவரை பார்த்துக் கத்தினாள். "மூணாம் அடுக்குத் தட்டு யாரு வெச்சது?"

காற்றாடி இரைச்சல். யாரும் திரும்பவில்லை.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எட்டிச் சரசுவின் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். துணியை விலக்கினார். முதல் முட்டையைக் கையில் எடுத்தார்.

சரசு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை வருடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

"இந்தத் தட்டை நீங்க வெச்சீங்களா?"

"இல்லை."

"திருப்பினதைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்பறம் எந்தப் பக்கம் பெருக்கல் போடுவீங்க?"

எண்பத்தெட்டு முட்டையும் வெள்ளையாக இருந்தன.

சென்னியப்பன் முட்டையை அதன் இடத்தில் வைத்தார். எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வைக்கப் பார்த்தார். அதுகூட நினைவில்லை. பென்சிலைச் சரசுவிடம் கொடுத்தார்.

அப்போது போன் அடித்தது.

மணி ஐந்து. இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே அழைப்பில் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார்.

"என்னங்க முடிவு?" இது பழைய மெஷின்காரர். "சொல்லாம விட்டா திருப்பறதுதானுங்களே?"

"திருப்பாம விடறதுங்க" என்றார் புது மெஷின்காரர். "நம்மகிட்ட முப்பது பொரிப்பகம் அப்படித்தான் ஓடுது."

"எங்ககிட்ட அறுபது ஓடுது."

"அண்ணா, நீங்க நடுவுல ஒண்ணு சொல்லிடுங்க. போன தடவ மாதிரி. நாங்க ஒத்துக்கறோம்."

"ஆமாங்க, நீங்க சொன்னா மறுபேச்சு இல்லை."

சென்னியப்பன் பூங்கோதையைத் தேடினார். மெஷினோரமாக, ஒரு தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெருக்கல் குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் பூங்கோதை. முதுகுதான் தெரிந்தது.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன எழுதிக்கட்டும்?"

"சொல்லாம விட்டா மெஷின் என்ன செய்யணும்ங்கறதுக்கு, இதை எழுதிக்கங்க" என்றார் சென்னியப்பன்.

போனைக் காதிலிருந்து எடுத்தார். கையை நீட்டி ஷெட்டின் பக்கமாகப் பிடித்தார்.

சரசு இடுப்பில் கை வைத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஏய், இந்தத் தட்டை வெச்சது யாருடீ! பென்சில் போடாம வெச்சுட்டுப் போனவ யாரா இருந்தாலும் வந்து போட்டுட்டுப் போ! உனக்குப் பதிலா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்! நீ வர்ற வரைக்கும் இது உள்ள போகாது! வா சீக்கிரம், முட்டை ஆறுது!"